எட்டு மடங்குக் கணக்கு: நம் கடை மெழுகும் சுவாமிமலைச் சிலையும்

தேன்மெழுகு என்றால் நம்மில் பலருக்கு அது கால் கிலோ, அரைக் கிலோ வியாபாரம்தான். குதிகால் வெடிப்புக்குக் களிம்பு காய்ச்ச ஒருவர் வாங்குவார். செருப்புத் தைக்கிறவர் நூலில் தேய்க்க ஒரு துண்டு கேட்பார். கும்பாபிஷேகக் காலம் வந்தால் அஷ்டபந்தன மருந்துக்கு என்று கோயிலிலிருந்து சீட்டு வரும். கொம்பரக்கு, சுக்கான் கல், குங்கிலியம், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டுச் சரக்கும் அதில் வரிசையாக எழுதியிருக்கும். நாட்டு மருந்துச் சரக்கு வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரர்களுக்கு இந்தச் சீட்டு புதிதல்ல.

இதே மெழுகையும் குங்கிலியத்தையும் கிலோக் கணக்கில் வாங்கி, அதைக் கொண்டு சாமியையே உருவாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள சுவாமிமலை ஸ்தபதிகளைத்தான் சொல்கிறோம். பஞ்சலோகச் சிலை என்றால் செம்பு, பித்தளை, உலை, உளி என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் சிலை பிறப்பது மெழுகில்தான். உலோகம் கடைசியில் வந்து அந்த இடத்தை நிரப்புகிறது, அவ்வளவே. ஆகவே நாம் விற்கும் சரக்கு நன்றாக இருந்தால் சாமி நன்றாக வருவார். அதில் கோளாறு இருந்தால் ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு மண்ணோடு உடைந்து போகும். இதை நேரில் பார்த்துத் தெரிந்து கொண்டதை நமது உறுப்பினர்களுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

மலைச் சரக்கு

ஓடைப்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் திராட்சைதான் நினைவுக்கு வரும். ஆனால் நம் கம்பம் பள்ளத்தாக்கு இரண்டு பக்கமும் மலை சூழ்ந்த பூமி. ஒரு பக்கம் மேகமலை, இன்னொரு பக்கம் குமுளி, போடி மலைகள். ஏலக்காய், மிளகு பிடிக்கிற மொத்தக் கடைகளுக்கு அந்த மூட்டைகளோடு தேன், மெழுகு, குங்கிலியம், கல்பாசி, சீயக்காய் என்று சில்லறை மலைச் சரக்குகளும் வந்து சேரும். நம் கடையிலும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

பாறை இடுக்கிலும் உயர்ந்த மரக்கிளையிலும் கூடு கட்டுவது மலைத்தேனீ. புகை போட்டு, கயிறு கட்டி இறங்கி, அடையை அறுத்து வருகிறவர்கள் பளியர் மக்கள். நாம் தராசுக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிற விலைக்குப் பின்னால் அந்த இறக்கம் இருக்கிறது. தேனைப் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையை வெந்நீரில் உருக்கித் துணியில் வடிகட்டி ஆறவிட்டால் மேலே கட்டியாக மிதப்பதுதான் மெழுகு. வடமொழியில் இதற்கு மதூச்சிஷ்டம் என்று பெயர். தேன் போக மிஞ்சியது என்று பொருள். சிற்ப நூல்களில் மெழுகு வார்ப்பு முறைக்கே இந்தச் சொல்லை வைத்துத்தான் பெயர் சொல்கிறார்கள்.

குங்கிலியம் மரத்திலிருந்து வடிந்து இறுகும் பிசின். வெள்ளை, கறுப்பு என்று இரண்டு வகை நம் பக்கத்துக்கு வரும். இரண்டும் வேறு வேறு மரத்துச் சரக்கு. தணலில் போட்டால் மணக்கும் என்பதால் தூபத்துக்குப் போகிறது. இந்தச் சரக்குக்கு ஒரு நாயன்மாரே உண்டு. திருக்கடையூர் குங்கிலியக்கலய நாயனார், வீட்டில் அரிசி இல்லாமல் மனைவி கழற்றிக் கொடுத்த தாலியை, எதிரே பொதியோடு வந்த குங்கிலிய வணிகரிடம் கொடுத்துவிட்டுப் பொதியைக் கோயிலுக்குக் கொண்டு போய்விட்டார் என்பது பெரியபுராணத்தில் வரும் வரலாறு. அந்த வணிகர் தாலியைப் பார்த்ததும் என்ன நினைத்தாரோ என்று நமக்கு அடிக்கடி தோன்றும். வியாபாரி புத்தி!

மெழுகு காய்ச்சுவது

நாம் சுவாமிமலைக்குப் போனது இரண்டு வேலையாக. நம் ஊர்க் கோயிலுக்கு ஒரு முருகன் உற்சவர் செய்வது என்று வியாபாரிகள் சேர்ந்து முடிவு செய்து, முன்பணமும் கொடுத்திருந்தோம். வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாம் அனுப்பிய மெழுகு எப்படிப் பயன்படுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

ஊர் காவிரிக் கரையில் இருக்கிறது. ஆறுபடை வீடுகளில் நான்காவது. தாராசுரம் கோயில் கட்டிய காலத்தில் வேலை செய்த சிற்பிகளின் வழி வந்தவர்கள் நாங்கள் என்று அங்கே சொல்கிறார்கள். இரண்டாம் இராசராசன் கட்டியது அது, 12ஆம் நூற்றாண்டு. இவர்கள் இந்த இடத்தை விட்டு நகராததற்கு இன்னொரு காரணம் காவிரி வண்டல். மாவு போல நைசான அந்த மண்தான் அச்சுக்கு உயிர். அரசின் பூம்புகார் நிறுவனத்துக்கும் இங்கே உற்பத்தி நிலையம் உண்டு. சுவாமிமலை வெண்கலச் சிலைகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

பட்டறையில் முதலில் பார்த்தது அடுப்புதான். தேன்மெழுகும் குங்கிலியத் தூளும் ஏறக்குறையச் சம பங்கு. அதோடு கொஞ்சம் கடலை எண்ணெய். மெழுகை உருக்கி, தூளைச் சிறிது சிறிதாகத் தூவிக் கரைத்து, எண்ணெய் விட்டுக் கிளறி, துணியில் வடிகட்டித் தண்ணீரில் ஊற்றுகிறார்கள். கெட்டிப்பட்டதும் கையில் பிசைந்து உருண்டை பிடித்து வைக்கிறார்கள்.

மூன்றுக்கும் தனித்தனி வேலை. மெழுகு வளைந்து கொடுக்கும். குங்கிலியம் இறுக்கம் கொடுக்கும், கூர்மையான கோட்டை நிறுத்தி வைக்கும். எண்ணெய் இரண்டையும் இணக்கிப் பதமாக வைக்கும். குங்கிலியம் மிஞ்சினால் நொறுங்கும். எண்ணெய் மிஞ்சினால் விரல் பட்ட இடமெல்லாம் அமுங்கும். வெயில் காலத்துப் பதம் வேறு, மார்கழிப் பதம் வேறு. பலகாரக் கடைக்காரர் பாகு பதம் பார்ப்பது போல இவர்கள் இரண்டு விரலுக்கு நடுவே நீட்டிப் பார்த்தே சொல்லி விடுகிறார்கள்.

இக்காலத்தில் பாரஃபின் மெழுகைச் சேர்த்துக் கொள்ளும் பட்டறைகளும் உண்டு. தேன்மெழுகு விலை அப்படி. தெரிந்து அளவோடு சேர்ப்பது அவர்கள் தொழில் நுணுக்கம். நாம் தெரியாமல் சேர்த்து விற்பது வேறு கதை, அதற்குப் பிறகு வருவோம்.

ஓலையில் அளவு, மெழுகில் உரு

உருவம் செய்யத் தொடங்கும் முன் ஸ்தபதி எடுத்தது ஒரு தென்னை ஓலைக் கீற்று. சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்து அளவு குறிக்கிறார். ஒடியோலை என்று பெயர். முகத்தின் நீளம் ஒரு தாளம். இந்தத் தெய்வத்துக்கு ஒன்பது தாளம், அந்தத் தெய்வத்துக்குப் பத்துத் தாளம் என்று சாத்திரக் கணக்கு. உத்தம தச தாளம் என்றால் மொத்த உயரத்தை 124 பாகமாகப் பிரித்து, நெற்றி இத்தனை, மூக்கு இத்தனை, கழுத்து இத்தனை என்று வகுக்கிறார்கள். நம் கடையில் இருக்கும் அளவுகோல் அங்குல, சென்டிமீட்டர் கோல். எல்லாப் பொருளுக்கும் ஒரே கோல். அவர்களுக்கு ஒவ்வொரு சிலைக்கும் ஓர் ஓலை, சிலை முடிந்தால் அந்த ஓலைக்கு வேலை இல்லை.

பிறகு மெழுகு. சிலை முழுவதையும் ஒரே கட்டியாகச் செதுக்குவார்கள் என்றுதான் நம்மோடு வந்தவர்கள் எண்ணியிருந்தார்கள். அப்படி இல்லை. தலை தனி, உடல் தனி, கை கால் தனி, பீடம் தனி. இளஞ்சூட்டில் பிடித்து, பிசைந்து, நீட்டி, வளைத்து ஒவ்வொன்றாகச் செய்து தண்ணீருக்குள் போட்டு இறுக விடுகிறார்கள். இறுகியதும் ஓலையை வைத்து அளந்து, கத்தியால் சீவி, மறுபடி தண்ணீர். பாகங்கள் சரியானதும் காய்ச்சிய இரும்புக் கரண்டியை இரண்டு முனைக்கும் நடுவே காட்டி, உருகிய நேரத்தில் ஒட்டி விடுகிறார்கள். ஒட்டிய தடம் தெரிவதில்லை.

ஆபரணம் சாத்துவதுதான் பார்க்க வேண்டிய வேலை. பலகையில் மெழுகை வைத்து உள்ளங்கையால் உருட்டினால் இடியாப்பம் போல நூல் நூலாக வருகிறது. இரண்டு நூலை முறுக்கினால் பூணூல். நூலை வரிசையாக ஒட்டி நுனிக் கத்தியால் வெட்டிக் கொண்டே போனால் மணிமாலை. சிறு உருண்டையை அமுக்கினால் பதக்கம். பதினைந்து பதினாறு வயதுப் பையன் ஒருவன் முருகனுக்கு இடுப்பு மேகலை கட்டிக் கொண்டிருந்தான். நாம் பேச்சுக் கொடுத்தும் தலை நிமிரவில்லை. கையில் இருக்கும் மெழுகு அதற்குள் ஆறிவிடும், அவன் மேல் குற்றமில்லை.

பெரியவர் சொன்னார்: "மெழுகுல இருக்கிறதுதான் முதலாளி, செம்புல வரும். நகம் பட்ட கீறலும் வரும். மெழுகுல விட்டுப்போனதை அப்புறம் உளியால பிடிக்கலாம்னு நெனைச்சா, வேலையும் கெட்டுப் போகும், சாமி முகமும் கெட்டுப் போகும்."

வார்த்த பிறகு அரம் போடுவதும், நுண்ணிய உளி வேலையும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் நிற்கும் நிலை, முகத்தின் சாந்தம், கை முத்திரை, உடலின் வளைவு எல்லாம் மெழுகோடு முடிந்து விடுகின்றன. அதற்குப் பிறகு அவற்றை யாரும் மாற்ற முடியாது.

தராசுக் கணக்கு

நம்மைப் போன்றவர்களுக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். மெழுகு உரு முடிந்ததும் உலோகம் உள்ளே போகவும் காற்று வெளியேறவும் விரல் பருமனில் மெழுகுக் குச்சிகளை முதுகுப் பக்கத்தில் ஒட்டுகிறார்கள். பிறகு அப்படியே தூக்கித் தராசில் வைக்கிறார்கள். எத்தனை கிலோ மெழுகோ, அதைப் போல எட்டு மடங்கு உலோகம். இதுதான் கணக்கு.

ஏன் எட்டு? நாம் எண்ணெய் வியாபாரத்தில் லிட்டருக்கும் கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்கள், நமக்கு எளிதில் விளங்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தைத் தேன்மெழுகால் நிரப்பினால் ஏறக்குறைய 960 கிராம். குங்கிலியம் சேர்ந்தால் ஒரு கிலோவை ஒட்டி வரும். அதே பாத்திரத்தைச் செம்பால் நிரப்பினால் ஒன்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பித்தளை கலந்தால் எட்டரையை ஒட்டி வரும். ஆக எட்டு என்பது கைக்கணக்கு. ஒவ்வொரு பட்டறையும் தன் மெழுகுப் பதத்துக்கும் உலோகக் கலவைக்கும் தகுந்தபடி அதற்கு மேல் கொஞ்சம் கூட்டிக் கொள்ளும். இதே வழியில் பார்த்தால் வெள்ளிக்குப் பத்தரை மடங்கு, தங்கத்துக்குப் பத்தொன்பது மடங்குக்கு மேல் வரும்.

நம் முருகனின் மெழுகு உரு குச்சிகளோடு சேர்த்து ஆறு கிலோ இருநூறு கிராம் நின்றது. எட்டால் பெருக்கினால் 49 கிலோ 600 கிராம். உருக்கும்போது கழிவு உண்டு, வார்ப்பு வாயில் மிச்சம் நிற்க வேண்டும் என்று 53 கிலோ உருக்கினார்கள். குச்சிகளை வெட்டி எடுத்து, அரம் போட்டு முடித்த பிறகு சிலை 44 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நின்றது. வெட்டி எடுத்த உலோகம் அடுத்த உலைக்குப் போகும், அதையும் எடை போட்டுக் கணக்கில் கழித்துக் கொடுத்தார்கள்.

தராசில் 50 கிராம் தவறினால் உலோகத்தில் 400 கிராம் தவறும். குறைவாகப் போனால் சாமிக்குத் தலை இருக்கும், பீடம் இருக்காது. ஏனென்றால் அச்சைப் பெரும்பாலும் தலைகீழாகவோ சாய்த்தோ வைத்து ஊற்றுகிறார்கள். முத்திரை போட்ட தராசு என்பது நமக்கு அதிகாரி வரும்போது நினைவுக்கு வரும் விஷயம். அங்கே அது தினசரிப் பிழைப்பு.

எடையும் சிலையும் ஒன்றோடொன்று சேர்ந்த விஷயம் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலே சாட்சி. 1010ஆம் ஆண்டு முதலாம் இராசராசன் முடித்த அந்தக் கோயிலின் கல்வெட்டுகளில் இன்ன படிமம் இத்தனை முழம், இத்தனை விரல் உயரம், கனமாகச் செய்தது, பொள்ளலாகச் செய்தது என்று ஒவ்வொன்றையும் இருப்புப் பேரேடு போல வெட்டி வைத்திருக்கிறார்கள். கனம் என்றால் உள்ளே முழுவதும் உலோகம், பொள்ளல் என்றால் உள்ளே கூடு. அங்கே நெல் அளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். பொன் நிறுத்த கல்லுக்கும் ஆடவல்லான் என்று பெயர். நடனமாடும் இறைவன் படிமத்துக்கும் அதே பெயர். அளவில் குறைத்தால் யாருக்குக் குறைக்கிறோம் என்பது அந்தக் காலத்துக் கடைக்காரருக்குப் பெயரிலேயே தெரிந்திருக்கும்.

மண் கட்டி, வார்த்து

இதற்குப் பிறகு நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். மெழுகு உருவின் மேல் முதல் பூச்சு வண்டல் மண், உமிக்கரி அரைத்தது, சாணம் கலந்த நைசான குழம்பு. இதுதான் மெழுகில் உள்ள ஒவ்வொரு கோட்டையும் பிடித்துக் கொள்ளும். நிழலில் காய வேண்டும், வெயில் பட்டால் மெழுகு இளகிவிடும். அடுத்த பூச்சு வயல் களிமண்ணும் மணலும். அதற்கு மேல் கனமான பூச்சு, இரும்புக் கம்பிக் கட்டு. நன்றாகக் காய்ந்ததும் வறட்டி அடுக்கி மூட்டம் போட்டால் உள்ளே இருக்கும் மெழுகு உருகி வாய் வழியே வடிகிறது. உள்ளே முருகன் வடிவில் வெற்றிடம் மட்டும் மிஞ்சும்.

சூடு ஆறும் முன் அச்சைக் குழியில் நிறுத்தி, ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ந்த உலோகத்தை நூல் பிடித்தது போல விடாமல் ஊற்ற வேண்டும். இடையில் நின்றால் அந்த இடத்தில் சிலையில் வெடிப்பு. அச்சில் ஈரம் இருந்தால் நீராவி கிளம்பி உலோகம் மேலே சீறும். ஊற்றும் நேரத்தில் யாரும் பேசுவதில்லை. பெரும்பங்கு செம்பு, பிறகு பித்தளை, கொஞ்சம் ஈயம். வெள்ளியும் தங்கமும் கோயில்காரர்கள் தங்கள் கையாலேயே சிறிதளவு போடுவது வழக்கம். நம் ஊர்ப் பெண்கள் சிலர் மூக்குத்தியையே கழற்றிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

ஆறியதும் மண்ணை உடைக்கிறார்கள். ஒரு அச்சுக்கு ஒரே சிலை. மெழுகும் போயிற்று, மண்ணும் போயிற்று. சரியாக வரவில்லை என்றால் மறுபடி ஓலையிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அந்தப் பக்கத்தில் கோனேரிராசபுரம் என்று ஓர் ஊர். செம்பியன் மாதேவியார் கற்கோயில் எடுத்த தலம். அங்கே ஆளுயரத்தைத் தாண்டிய பெரிய நடராசர் இருக்கிறார். வார்ப்பு திரும்பத் திரும்பத் தவறிப்போய் மனம் நொந்திருந்த சிற்பியிடம் ஒரு முதியவர் வந்து தாகத்துக்குத் தண்ணீர் கேட்டாராம். உலைக்குழம்புதான் இருக்கிறது என்று இவர் எரிச்சலில் சொல்ல, அவர் அதையே வாங்கிக் குடித்து நடராசராக நின்றுவிட்டாராம். தலபுராணக் கதைதான். ஆனால் வார்ப்பு தவறினால் என்ன வேதனை என்பதை அறிந்தவர்கள் சொன்ன கதை அது.

இந்த முறை நமக்கு மட்டும் உரியதல்ல. மொகஞ்சதாரோவில் கிடைத்த நாட்டியப் பெண் உருவமும் மெழுகு முறையில் வார்த்ததுதான். பஸ்தர் பழங்குடி மக்கள் களிமண் உருவின் மேல் மெழுகு நூலைச் சுற்றிப் பொள்ளலாக வார்க்கிறார்கள். ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டு வார்ப்புகளும் இந்த முறைதான். இன்றைக்கு விமான எஞ்சின் இதழ்களையும் நகைக்கடை மோதிரங்களையும்கூட மெழுகில் உரு எடுத்துத்தான் வார்க்கிறார்கள். சுவாமிமலைக்காரர்களும் சின்னச் சிலையோடு நிற்கவில்லை. 2023இல் டில்லியில் ஜி-20 மாநாடு நடந்த பாரத் மண்டபத்தின் முன் நிற்கும் 27 அடி நடராசர் இந்த ஊர் ஸ்தபதிகள் மெழுகு முறையில் செய்ததுதான். எடை சுமார் 18 டன். எட்டால் வகுத்துப் பாருங்கள்.

கலப்படம்

ஒரு முறை வெளிமாநிலத் தரகர் ஒருவர் மூலம் தேன்மெழுகு என்று ஒரு லாட் நமக்கு வந்தது. விலை கணிசமாகக் குறைவு. நிறம் அருமையான மஞ்சள். சந்தேகப்பட்டு ஒரு கட்டியை வெந்நீரில் போட்டு உருக்கினால், அடியில் வெள்ளையாகப் படிந்தது. அந்த லாட்டைத் திருப்பி அனுப்பிவிட்டோம். லாரி வாடகை இரண்டு பக்கமும் நம் தலையில்தான் விழுந்தது.

இதைச் சுவாமிமலையில் சொன்னபோது பெரியவர் விளக்கினார். பாரஃபின் எரிந்தால் எரிந்து போய்விடும், அச்சுக்குள் எதுவும் மிஞ்சாது. ஆனால் கனம் கூட்டுவதற்காகக் கலக்கும் மாவும் சுண்ணாம்புத் தூளும் அப்படி அல்ல. மெழுகு வடிந்த பிறகு சாம்பலும் தூளும் அச்சின் உட்சுவரில் தங்கிவிடும். உலோகம் அதன் மேல் போய் நின்றால் சிலை முகத்தில் அம்மைத் தழும்பு போலக் குழி விழும். மாட்டுக் கொழுப்பு கலந்திருந்தால் மெழுகு இறுகாது, மத்தியான வெயிலில் கிரீடம் மெல்லச் சாயும். அதோடு கோயில் காரியத்துக்குக் கொழுப்பு சேர்ந்ததைக் கொடுப்பது எப்பேர்ப்பட்ட பாவம் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

கடையிலேயே செய்து பார்க்கக் கூடிய சில சோதனைகளைச் சொல்கிறோம். நல்ல தேன்மெழுகைக் குளிர்ந்த நிலையில் உடைத்தால் முறிந்த இடம் வெல்லக்கட்டி போலச் சொரசொரப்பாக, பளபளப்பில்லாமல் இருக்கும். பாரஃபின் கண்ணாடித் தன்மையோடு செதிலாக விடும். ஒரு துண்டைக் கைச்சூட்டில் பிசைந்தால் நல்ல மெழுகு இளகிச் சேர்ந்து வரும், தேன் வாசனை வரும். பாரஃபின் அதிகம் இருந்தால் வழுக்கிக்கொண்டு உதிரும். மென்று பார்த்துப் பல்லில் ஒட்டிப் பிடித்தால் மலிவான பிசின் கலந்திருக்கிறது. திரி போட்டுக் கொளுத்தி அணைத்தால், கொழுப்பு இருந்தால் எண்ணெய் தீய்ந்த காரப் புகை மூக்கில் ஏறும். வெந்நீரில் உருக்கினால் மெழுகு மிதக்கும், மாவும் தூளும் அடியில் போகும். அந்த அடிக்கசடில் டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டு நீலமாக மாறினால் மாவு. உருக்குவதை எப்போதும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்தே செய்யுங்கள். நேரடியாக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்கு பாரஃபின் கலந்திருந்தால் கையால் கண்டுபிடிப்பது கடினம். ஆய்வுக்கூடம்தான் சொல்லும். அதனால் யாரிடம் வாங்குகிறோம் என்பதே பெரிய சோதனை. மலையடிவாரத்தில் அடையாகவே வாங்கி நாமே உருக்கி வடிகட்டிக் கொண்டால் கவலை இல்லை, ஆனால் அடையை நாள் கணக்கில் வைக்கக் கூடாது, புழு அரித்துவிடும். வடிகட்டிய சுத்த மெழுகைப் புழு தொடுவதில்லை.

நாள்பட்ட தேன்மெழுகின் மேல் வெள்ளையாகப் பொடி பூக்கும். வாடிக்கையாளர்கள் பூஞ்சணம் என்று நினைத்துத் தள்ளி விடுகிறார்கள், கடைப் பையன்களும் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறார்கள். அது பூஞ்சணம் அல்ல, நல்ல தேன்மெழுகில் வருவதுதான். லேசாகச் சூடு காட்டினால் மறைந்துவிடும்.

மெழுகு நிலையில் போய்ப் பாருங்கள்

நமது சங்கங்களில் பெரும்பாலோர் எங்காவது ஒரு கோயிலில் திருப்பணிக் குழுவிலோ கட்டளையிலோ இருப்பவர்கள். சிலைக்கு முன்பணம் கொடுத்து விட்டு, வார்த்து முடித்த பிறகு வேன் எடுத்துக் கொண்டு போய் ஏற்றி வருவதுதான் பல ஊர்களில் வழக்கமாக இருக்கிறது. இது சரியல்ல. மண் கட்டும் முன் ஒரு நாள் போய் வாருங்கள்.

நம் பக்கத்து ஊர் ஒன்றில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அம்மன் உற்சவர் அழகாக வந்தது. திருவிழா அன்று வாகனத்தில் எழுந்தருளச் செய்யும்போது பீடம் வாகனத் தட்டை விட இரண்டு விரல் அகலம் அதிகம். கட்டும் கயிற்றுக்கான துளைகளும் பொருந்தவில்லை. அந்த ஆண்டு பழைய படத்தை வைத்துத்தான் ஊர்வலம் போனார்கள். மெழுகில் இருந்தபோது யாராவது வாகனத் தட்டின் அளவை ஒரு நூலில் முடிந்து கொண்டு போயிருந்தால் அரை மணி நேர வேலை.

நம் முருகனுக்கும் ஒரு திருத்தம் வந்தது. நம் குழுவில் மூத்தவர் ஒருவர், வேலைப் பிடிக்கும் வலக்கை விரல்களுக்கு நடுவே இடைவெளி போதாது, நம் கோயில் வெள்ளிவேல் தடிமன் அதிகம் என்றார். கையோடு வேலின் அளவையும் கொண்டு வந்திருந்தார். ஸ்தபதி கரண்டியைக் காய்ச்சி, விரல்களை இளக்கி, ஒரு குச்சியை வைத்து அளவு பார்த்து மறுபடி வளைத்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். செம்பான பிறகு இதைக் கேட்டிருந்தால் விரலை அறுத்து ஒட்ட வேண்டியிருக்கும்.

விலை பேசுவதிலும் மெழுகு நிலையே நல்ல நேரம். எடைக்குப் பேசுவார்கள், உயரத்துக்கும் பேசுவார்கள், வேலைப்பாட்டுக்கும் பேசுவார்கள். எடைக்குப் பேசினால் பீடம் அடியில் குடைவா, கனமா என்று கேட்டுக் கொள்ளுங்கள். மெழுகு எடையை உங்கள் கண்ணெதிரே போடச் சொல்லி, சிட்டையில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக் கொள்ளுங்கள். நேர்மையான ஸ்தபதிகள் இதைத் தவறாக நினைப்பதில்லை, அவர்களே கேட்கிறார்கள். அதே சமயம், பத்து இடத்தில் விலை கேட்டுக் குறைத்துக் குறைத்துப் பேசி, முன்பணத்தையும் இழுத்தடிக்கும் குழுக்களும் நம்மிடையே உண்டு. செம்பு விலை வாரத்துக்கு ஒரு விலை. நாம் ஏலக்காயைக் கடனுக்குக் கொடுத்துவிட்டுத் தவிப்பது போலத்தான் அவர்களும்.

சிலை வந்ததும் உயரம், எடை, முன்பக்கம், பின்பக்கம், பீடத்தின் அடி எல்லாவற்றையும் படம் எடுத்துக் கோயில் சொத்துப் பேரேட்டில் ஒட்டி வையுங்கள். ஒரு மெழுகில் ஒரு சிலைதான் என்பதால் எந்த இரண்டும் ஒன்றாக இருக்காது, பழைய படம் ஒன்று இருந்தாலே போதும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவு போன நடராசரை 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் பல லட்சம் டாலர் கொடுத்து வாங்கியிருந்தது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படங்கள்தான் அது நம் கோயில் சாமி என்று காட்டிக் கொடுத்தன. 2014இல் திரும்பி வந்தது.

மெருகு போடுவதற்கு வேண்டிய சாமான் பற்றிக் கேட்டவர்களுக்கு: புளி, பூந்திக்கொட்டை, நைசாகச் சலித்த செங்கல் தூள். கோயிலில் சுத்தம் செய்யவும் இதுவே போதும். ஆசிட் கலந்த பவுடர்களைத் தொட வேண்டாம், முகத்தின் நுண்ணிய கோடுகள் தேய்ந்துவிடும். குங்கிலியம் அனுப்புகிறவர்கள் பட்டையும் தூசியும் போகச் சலித்து அனுப்பினால் விலை கூடக் கொடுத்து வாங்கத் தயார் என்று சுவாமிமலையில் சொல்லி அனுப்பினார்கள். நம் மலைச் சரக்குக் கடைக்காரர்கள் கவனத்துக்கு இதைக் கொண்டு வருகிறோம்.